கிணற்றுத் தண்ணீர் அறிக்கையில் நாங்கள் எழுதாமல் விடுவது

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் பரிசோதிக்கிற எங்களிடம் சனம் கேட்பது ஒரே கேள்விதான்: “தம்பி, இந்தத் தண்ணி குடிக்கலாமோ?” நாங்கள் கொடுப்பதோ ஆங்கிலத்தில் ஒரு அட்டவணை, கீழே கையொப்பமும் முத்திரையும். வாங்கியவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார். அப்புறம் பழையபடி அதே கிணறுதான்.

தண்ணீரில் கரைந்து நிற்கிற நைத்திரேற்று என்ற நைத்திரசன் சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் நிற்கிறது. வெங்காயத்துக்குப் போடுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாக மாறி மழையோடு அங்கே இறங்கும். மலசலகூடக் குழிகளில் இருந்தும் வந்து சேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால் சில ஆய்வுகூடங்கள் அதில் உள்ள நைத்திரசனின் நிறையை மட்டும் கணக்கிட்டு எழுதும். அந்தக் கணக்கில் எல்லை ஏறத்தாழ 11. அறிக்கையில் 15 என்று இருந்தால், 50தான் எல்லை என்று எங்கேயோ கேள்விப்பட்டவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். உண்மையில் அவர் குடிப்பது 66 மில்லிகிராம் நைத்திரேற்று. எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அலகை விளக்காத அறிக்கையை நல்ல அறிக்கை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

“தண்ணீர் சரியில்லை” என்று மட்டும் சொல்லி அனுப்புவது அதைவிட மோசம். எங்கள் ஆட்கள் உடனே செய்வது கொதிக்கவைப்பது. கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். பேரப்பிள்ளைக்குப் பால்மா கரைக்க அம்மம்மா பார்த்துப் பார்த்துக் கனநேரம் கொதிக்கவைத்த தண்ணீரில்தான் அது இன்னும் கூடுதலாக இருக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் உடலில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசன் காவுவதைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஆகவே அட்டவணைக்குக் கீழே தமிழில் இப்படி எழுத வேண்டும்: பால்மாவுக்கு இந்தக் கிணறு வேண்டாம், கொதிக்கவைத்தாலும் வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றால் பேனையால் எழுதலாம்.

நிருபர்கள் விடயம் வேறு. “புற்றுநோய் வருமோ சேர்?” என்று தொலைபேசியில் கேட்பார்கள். புற்றுநோயோடு தொடர்புடைய நைத்திரசோ சேர்மங்கள் உடலுக்குள் உருவாகக்கூடிய நிலைமைகளில், உட்கொள்ளும் நைத்திரேற்று அனேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2ஏ பிரிவில் போட்டிருக்கிறது. சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது; எத்தனை பேருக்கு வரும் என்பதை அல்ல. இதில் தலைப்புக்குப் போவது ஒரு சொல்தான், எது என்று சொல்லத் தேவையில்லை. அதற்காகப் பேசாமல் இருந்தால் அந்த இடத்தை வட்ஸ்அப் நிரப்பும். என் வழக்கம், நிபந்தனையையும் முடிவையும் ஒரே வசனத்தில், வெட்ட முடியாதபடி சொல்லிவிடுவது. எல்லா நேரமும் பலிப்பதில்லை.

பயம் காட்டுவது மட்டும்தான் பிழை என்றும் இல்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் என்ற பிரச்சினை பெரிதாக எழுந்தபோது பயப்பட ஒன்றுமில்லை என்றும், குடிக்கவே வேண்டாம் என்றும் இரண்டு விதமான பேச்சு சனத்தின் காதில் விழுந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அங்கிருந்த மின்னுற்பத்தி நிறுவனத்தை, நிலத்தடி நீரை மாசாக்கியதற்காக 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவசரப்பட்டு ஆறுதல் சொல்வதற்கும் பொறுப்பு உண்டு. எத்தனை கிணறு, மாரியிலா கோடையிலா, எதைப் பரிசோதித்தோம், எதைப் பரிசோதிக்கவே இல்லை, செலவு யாருடையது? இவ்வளவும் சொல்லாமல் “பாதுகாப்பானது” என்று சொல்ல எனக்கு வாய் வராது.

2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குப் போட்ட தடையை எங்கள் கமக்காரர் மறக்கவில்லை. இரசாயனப் பசளையால் தண்ணீர் கெடுகிறது என்பது அளந்து சொல்லக்கூடியது. “ஆகவே ஒரே போகத்தில் நிறுத்து” என்பது அதிலிருந்து தானாக வருகிற முடிவல்ல. அதில் விளைச்சல், கடன், அடகு வைத்த நகை எல்லாம் இருக்கிறது. விஞ்ஞானிக்கும் கருத்து இருக்கலாம், சொல்லலாம். அளவீட்டோடு சேர்த்துக் குழைத்துக் கொடுக்காமல், இது என் கருத்து என்று தனியாகச் சொன்னால் போதும். மே மாதம் வந்த தடை நவம்பரில் போய்விட்டது. ஆனால் யூரியாவைக் குறைத்துப் போடுங்கள் என்று இப்போது நியாயமாகச் சொன்னாலும் தோட்டத்தில் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள்.

கடைசியாக, ஆய்வுக் கட்டுரைகளில் வருகிற வரைபடம். கிணற்றின் இடத்தைச் சரியாகக் குறித்துச் சிவப்புப் புள்ளி போட்டால், அது யார் வீடு என்று அந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். காணி விற்க நிற்பவருக்கு அது சின்ன விடயமல்ல. பெறுபேறு முதலில் வீட்டுக்காரர் கைக்குப் போக வேண்டும், சஞ்சிகைக்கு அப்புறம் போகலாம். பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்து என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கூப்பிட்டு, சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம் எல்லோரையும் இருத்தி, கிணற்றுக்காரர் பெயரை எடுக்காமலே சொல்லலாம்.