ஏப்ரலில் வந்து கேட்காதீர்கள்

போன வாரம் இன்னொரு மாணவி வந்தார். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு எங்கள் இயற்பியல் துறைக்கு மாறியவர், வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். கோடையில் ஏதாவது ஆய்வு வாய்ப்பு உண்டா என்று ஏப்ரல் கடைசியில் கேட்கிறார். அமெரிக்காவில் இளங்கலை மாணவர்களுக்கு உதவித்தொகையோடு கோடை ஆய்வுப் பயிற்சி தரும் ஆர்.இ.யூ. திட்டத்தின் அறிவிப்பை நவம்பரிலேயே பார்த்திருக்கிறார், "அது அனுபவம் இருப்பவர்களுக்குத்தானே" என்று விட்டுவிட்டாராம். இந்த வருடம் இதே பதிலைச் சொல்லும் நான்காவது ஆள் இவர்.

இல்லை! அனுபவம் இல்லாதவர்களுக்காகத்தான் இந்தத் திட்டமே. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இதை 1987-இல் தொடங்கியது. நடத்தும் பல்கலைக்கழகம் தன் சொந்த மாணவர்களையே வைத்து இடங்களை நிரப்பிக்கொள்ள முடியாது, ஆய்வு வசதி குறைந்த கல்லூரிகளில் இருந்தும் ஆள் எடுத்தாக வேண்டும், இரண்டு வருடக் கல்லூரி மாணவர்களும் அதில் சேர்த்தி. அதற்கும் முன்பே, துகள் இயற்பியல் ஆய்வு நடக்கும் ஃபெர்மி ஆய்வகம் 1970-களின் தொடக்கத்திலேயே இனச் சிறுபான்மை மாணவர்களுக்கென்று கோடைப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டது. நான் தேர்வுக்குழுவில் உட்கார்ந்து விண்ணப்பம் படிப்பவன். ஏற்கெனவே இரண்டு கோடை ஆய்வகத்தில் கழித்தவரைவிட, இந்த ஒரு கோடை கிடைத்தால் யாருக்குப் பாதை திறக்கும் என்றுதான் பார்க்கிறேன்.

ஒரு விண்ணப்பக் கட்டுரை இன்னும் நினைவில் இருக்கிறது. முதல் அரைப் பக்கம் முழுக்க "எனக்கு அனுபவம் இல்லை, மன்னிக்கவும்" என்ற ரகம். கடைசி வரியில் மட்டும், வீட்டு வாஷிங் மெஷின் நின்றபோது மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்து, பழுதான கெப்பாசிட்டரைக் கண்டுபிடித்து மாற்றியதாக எழுதியிருந்தார். அதை முதல் பத்தியில் எழுதியிருக்க வேண்டாமா? எங்களுக்கு வேண்டியதே அதுதான்.

அடுத்தது பணம். இதற்கு நீங்கள் கட்ட வேண்டியது எதுவும் இல்லை, அவர்கள்தான் உங்களுக்குத் தருவார்கள். பொதுவாக எட்டு முதல் பத்து வாரம், வாராவாரக் கணக்கில் உதவித்தொகை, பெரும்பாலும் தங்குமிடமும் பயணச் செலவும். ஆய்வு இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், முதல் தவணை கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். வாடகைக்கு முட்டும் என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உதவித்தொகைக்கு வரிக்கணக்கு உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

ஆர்.இ.யூ.வுக்கும், அமெரிக்க எரிசக்தித் துறை தன் ஆய்வகங்களில் இளங்கலை மாணவர்களுக்கு நடத்தும் சூலி (SULI) பயிற்சிக்கும் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் கால்டெக் பல்கலைக்கழகத்தின் லைகோ (ஈர்ப்பலை ஆய்வு) கோடைத் திட்டம் போன்றவற்றைப் பாருங்கள். எதுவானாலும் அந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள், திட்டங்கள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன.

கடைசித் தேதி பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வந்துவிடும். பரிந்துரைக் கடிதத்தை டிசம்பருக்குள் கேளுங்கள், முந்தின நாள் ராத்திரி மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். பெரிய பேராசிரியர் "நல்ல மாணவர்" என்று எழுதும் ஒற்றை வரியைவிட, செய்முறை வகுப்பில் உங்கள் கை வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதும் ஒரு பக்கம் மேல். ஒரே இடத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், ஒரு இடத்தில் சுமார் பத்துப் பேர்தான் எடுப்பார்கள், எட்டுப் பத்து இடங்களுக்காவது போடுங்கள்.

அந்த மாணவிக்குப் பட்டம் முடிவதற்குள் இன்னும் ஒரு கோடை மிச்சமிருக்கிறது. நவம்பர் முதல் வாரமே கட்டுரையோடு என் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.