ஹண்டிங்டன் நோயில் புரதத் திரளைத் தடுக்க மருந்து உண்டா?

தாய்க்கோ தகப்பனுக்கோ, மூளையின் நரம்புக் கலங்களைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் இருப்பது மரபணுப் பரிசோதனையில் உறுதியான பின்னர், யாழ்ப்பாணத்தில் எங்கள் நரம்பியல் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கிறார்கள்: மூளையில் புரதம் திரளாமல் தடுக்கும் குளிசை ஏதும் உண்டா? கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் இணையத்தில் படித்துவிட்டு அனுப்பிய தூளையோ குளிசைப் போத்தலையோ சிலர் கையோடு கொண்டும் வருகிறார்கள். கேள்வி நியாயமானது, ஆதலால் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

இந்நோய்க்குக் காரணமான மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. அதன் டி.என்.ஏ.யில் சி.ஏ.ஜி. என்னும் மூன்றெழுத்துத் தொடர் 40 தடவைக்குக் குறையாமல் அடுத்தடுத்து வந்தால், இயல்பான ஆயுட்காலத்துக்குள் நோய் தோன்றும். 36 முதல் 39 வரையெனில் தோன்றலாம், தோன்றாமலும் விடலாம். தொடர் நீள நீள, அந்த மரபணு உருவாக்கும் ஹண்டிங்டின் என்ற புரதம் ஒழுங்காக மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது.

ஆகவே திரளைக் கரைத்தால் நோய் நின்றுவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ப்புத் தட்டில் இருந்த நரம்புக் கலங்களைத் தனித்தனியே தொடர்ந்து கவனித்தபோது, பெருந்திரள் உருவான கலங்கள் சாகும் அபாயம் குறைந்தே காணப்பட்டது; கலம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகவும் அந்தத் திரள் இருக்கலாம். அதே ஆண்டு ட்ரிஹலோஸ் என்ற சர்க்கரை எலிகளில் திரளைக் குறைத்து நோயைத் தணித்ததாகவும் அறியப்பட்டது. அந்த எலி ஆய்வை நம்பித்தான் இன்று பலர் அந்தத் தூளை வாங்குகிறார்கள். மனிதரில் அது ஹண்டிங்டன் நோயைத் தடுக்கும் என்பது நிறுவப்படவில்லை. புரத உற்பத்தியையே குறைக்க முயன்ற டொமினர்சன் மருந்தின் பெரிய பரிசோதனையிலும் 2021 மார்ச்சில் மருந்தேற்றல் நிறுத்தப்பட்டது.

இருந்தும் புரதம் திரளாமல் தடுக்கும் வழி வீணானதன்று. ட்ரான்ஸ்தைரெற்றின் என்னும் புரதம் படிந்து கைகால் நரம்புகளைச் சிதைக்கும் வேறொரு பரம்பரை நோயில், நான்கு துண்டுகள் சேர்ந்த அப்புரதம் பிரிவதே திரளுக்கு முதற்படி என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. அத்துண்டுகளைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் டஃபமிடிஸ் என்ற மருந்துக்கு 2011இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. நோயின் வேகத்தை அது குறைக்கிறது. முன்பே சிதைந்த நரம்பை மீட்பதில்லை. பழைய வலி நிவாரணியான டைஃப்ளுனிசாலும் இதே முறையில் பயன்படுவதை 2013இல் வெளியான பரிசோதனை காட்டியது. எனினும் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கக்கூடிய அதை எவரும் தாமாக வாங்கிக் குடிக்கக் கூடாது. ஹண்டிங்டன் நோய்க்கு இவ்விரு மருந்துகளும் உரியவையல்ல, ஏனெனில் அங்கே திரள்வது வேறு புரதம்.

எங்களிடம் வருவோருக்கு இன்று செய்யக்கூடியவை வேறு. டெட்ராபெனசின் என்ற மருந்து கைகால்கள் தாமாக ஆடுவதைக் குறைக்கும், ஆனால் மனச்சோர்வைக் கூட்டக்கூடும். ஆகவே நோயாளி பேச்சைக் குறைத்து ஒதுங்கியிருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அழைத்து வாருங்கள். எடை குறைகிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா என்று வீட்டிலுள்ளோர் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் மரபணு வந்திருக்க 50 வீத வாய்ப்பு உண்டு என்றாலும், அறிகுறியில்லாத சிறுவருக்குப் பரிசோதனை செய்விக்க வேண்டாம். வளர்ந்தபின் ஆலோசனை பெற்று அவர்களே முடிவெடுக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த போத்தலை மறைக்காமல், கிளினிக் கொப்பியோடு சேர்த்துக் கொண்டுவந்து காட்டுங்கள்.