உளி தாங்கியைத் திருத்துவோம்: மரக் கடைசல் லேத்தில் விசைகள் வேலை செய்யும் விதம்

களியக்காவிளை முதல் குலசேகரம் வரையிலான கேரள எல்லைப் பகுதியில் பால் வெட்டி ஓய்ந்த ரப்பர் மரத்துக்கும், அயனிக்கும், பலாவுக்கும் குறைவில்லை. வீட்டுக் கொட்டகையில் சிறிய லேத் ஒன்றை நிறுத்தி மத்தும் கட்டில் காலும் கடைகிறவர்கள், அடுத்து எந்தத் துணைக்கருவியை மேம்படுத்துவது என்று கேட்டால், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் விலையுயர்ந்த ‘சக்’ ஒன்றைத் தேடுவதற்கு முன், கடையும்போது உளியை ஊன்றி வைக்கும் உளி தாங்கியைக் கவனியுங்கள் என்றே சொல்வேன். கடைசலின் வழவழப்பும் கையின் பாதுகாப்பும் முதலில் அதைத்தான் நம்பியிருக்கின்றன.

சுழலும் மரம் உளியின் முனையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. தாங்கி, அந்த நெம்புகோலின் ஆதாரப் புள்ளி. முனை தாங்கிக்கு வெளியே 10 மி.மீ. நீண்டிருக்க, கைப்பிடியை 300 மி.மீ. பின்னால் பிடித்திருந்தால், முனையில் விழும் விசையின் முப்பதில் ஒரு பங்கைக் கை தாங்கினால் போதும். நீட்சி 40 மி.மீ. ஆகும்போது அந்தச் சுமை நான்கு மடங்காகிறது. உளியை ஒருமுனை பிடிக்கப்பட்ட கம்பியாகக் கொண்டால், அதன் வளைவு நீட்சியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதாவது அதே விசைக்கு 64 மடங்கு. உளி அதிர்வதும் திடீரென மரத்தில் கொத்திக்கொள்வதும் இதனால்தான். மரத்தின் வளைவுக்கு ஏற்ற வளைந்த தாங்கியைச் செய்துகொண்டால், கிண்ணத்தின் உட்புறத்திலும் இந்த நீட்சியைக் குறைத்துவிடலாம்.

தாங்கியின் மேல்விளிம்பு இன்னும் முக்கியம். வார்ப்பிரும்பு விளிம்பில் நாளடைவில் உளி சிறு பள்ளங்களை உண்டாக்கும். நகர்த்தும்போது உளி அவற்றில் இறங்கி ஏறுவதால், அதே மேடுபள்ளம் மரத்தில் பதிந்துவிடும். அரத்தால் தேய்த்துச் சமன் செய்யலாம், ஆனால் அது தற்காலிகமே. நிலையான வழி, விளிம்பில் நீளவாக்கில் ஒரு காடி (ஒடுங்கிய பள்ளம்) வெட்டி, கடினமான எஃகு உருளைத் தண்டு ஒன்றைப் பதிப்பது. பழைய பைக் ஷாக் அப்சார்பரின் நடுத்தண்டு இதற்கு நன்கு பொருந்தும். அதன் மேற்பரப்பில் கடினக் குரோமியம் பூசியிருப்பார்கள்.

அந்தத் தண்டை வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் பதப்படுத்திய எஃகின் கடினம் குறைந்துவிடும், குரோமியப் பூச்சிலிருந்து நச்சுப் புகையும் எழும். காடியில் படியும் அடிப்பக்கத்தை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, எப்பாக்சிப் பசையில் பதித்தாலே போதும். உளியின் விசை பெரும்பாலும் தண்டைக் காடிக்குள்ளேயே அழுத்துவதால், பசைக்கு அதைப் பிடித்து வைக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. தண்டு வெளியே நிற்கும் அளவுக்குத் தாங்கி உயர்ந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. அதைக் கீழே இறக்க இடமில்லையென்றால், அடியிலுள்ள கால்தண்டைச் சற்று அறுத்துக் குறைக்க வேண்டும்.

அந்தக் கால்தண்டை 16 மி.மீ. விட்டத்திலிருந்து 25 மி.மீ.க்கு மாற்ற முடிந்தால், விறைப்பு விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், ஏறத்தாழ ஆறு மடங்கு உறுதி கிடைக்கும். ஆனால் அது நுழையும் துளையைப் பெரிதாக்கியபின் சுற்றிலும் போதிய இரும்பு மிஞ்ச வேண்டும். மெலிந்த வார்ப்பில் இதை முயலக் கூடாது.

மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கில் சுழலாத கூர்முனை இருந்தால் மரம் உரசிக் கருகும். மரத்தோடு சேர்ந்து சுழலும், பேரிங் வைத்த கூர்முனையான ரிவால்விங் சென்டர் அதைத் தீர்க்கும். அந்தச் சென்டரைப் பிடித்து வைப்பது மோர்ஸ் சரிவு, அதாவது கூம்புத் துளையில் இறுகும் கூம்பு வடிவத் தண்டு. அச்சிலிருந்து சுமார் 1.4 பாகை மட்டுமே சாய்ந்திருப்பதால், எஃகுக்கும் எஃகுக்கும் உள்ள உராய்வே அதை நழுவாமல் வைத்திருக்கிறது. அதில் ஒரு சிறு சுருளோ தூசியோ ஒட்டினால் தொடுபரப்பு குறைந்து பிடி தளரும், மையமும் விலகும். ஆகவே சரிவுத் துளையைத் துணியால் துடைப்பது எந்த மாற்றத்துக்கும் முந்திய வேலை.

கிண்ணத்தின் அடியைக் கடைய, அதன் விளிம்பு இறுகப் பொருந்தும் வட்டக் காடியோடு மரத்திலேயே சக் செய்கிறவர்கள், இங்கே இரண்டு பருவமழைகளும் பெய்வதை நினைவில் கொள்ள வேண்டும். ஈரத்தில் மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. ஆண்டு வளையங்களின் போக்கிலோ, ஆரத் திசையைவிட ஏறத்தாழ இரு மடங்கு வீங்கும். பலகையின் முகத்தில் கடைந்த வட்டக் காடி சில வாரங்களில் நீள்வட்டமாகிவிடுவது அதனால்தான். நன்கு உலர்ந்த துண்டையே எடுத்து, ஒவ்வொரு முறையும் பயன்படுத்துவதற்குச் சற்று முன் அதே லேத்தில் மாட்டி, காடியை இலேசாகச் செதுக்கிக்கொண்டால் கிண்ணம் இறுகப் பொருந்தும்.