இக்னிஷன்: எரியூட்டலா, பற்றவைப்பா?

படகின் பின்புறம் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விளக்கும் தமிழ்க் குறிப்புகளில் ‘எரியூட்டல் கோளாறு’ என்ற தொடர் ஓயாமல் வருகிறது. இக்னிஷனுக்குத் தமிழாம். மோட்டாரில் பற்றாத தீ, படிக்கிறவர் வயிற்றில் பற்றிக்கொள்கிறது.

இக்னிஷன் என்பது ‘இக்னிஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. நெருப்பு என்று பொருள். வடமொழி ‘அக்னி’ அதற்கு உறவுமுறை. பெட்ரோல் எஞ்சினில் அதன் வேலை, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரியான கணத்தில் ஒரு மின்பொறியால் தீப்பிடிக்கச் செய்வது. அதற்கான கருவித்தொகுதியையும் இக்னிஷன் என்றே சொல்கிறோம். பிறப்பு வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது எரியூட்டலுக்கு வருவோம். ஊட்டு என்பது உண் என்பதன் பிறவினை. எரியூட்டுதல் என்றால் ஒன்றை நெருப்புக்கு உணவாகக் கொடுத்தல். அதனால்தான் உடலுக்கு எரியூட்டினார்கள் என்கிறோம், ஊரை எரியூட்டினான் என்கிறோம். எரிந்து சாம்பலாகப் போவதைச் சொல்லும் சொல் அது. எஞ்சின் ஓடத் தொடங்குவதற்கு இதைப் போய் வைக்க எப்படித்தான் மனம் வந்ததோ.

மங்கலம், அமங்கலம் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெரிய இடைஞ்சல் வேறு. ‘ஊட்டல்’ என்று கண்டதும் எஞ்சின் தெரிந்தவர் மனம் எரிபொருள் ஊட்டலுக்குத்தான் போகும். அவர் டேங்க், குழாய், கார்புரேட்டர் என்று கழற்றத் தொடங்கிவிடுவார். ஓடாத மோட்டாரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே பெட்ரோல் வரவில்லையா, பொறி வரவில்லையா என்பதுதானே? ஸ்டார்ட் செய்யும் கயிற்றைப் பலமுறை இழுத்த பிறகு, பொறி எழுப்பும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அது நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் சந்தேகம் பொறியின் மேல் விழும். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரும் வழியின் மேல். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டையும் குழப்பும் சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பழுதைப் பார்ப்பது?

சரி, மாற்று என்ன? பற்றவைப்பு. அடுப்பைப் பற்றவை, பீடியைப் பற்றவை என்று எல்லார் வாயிலும் இருக்கும் சொல். அதற்கு ஒரு கூடுதல் தகுதியும் உண்டு. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் தானாகவே தீப்பற்றுகிறது. பெட்ரோல் எஞ்சினில் பொறி வந்து பற்றவைக்கிறது. ஆங்கிலம் இரண்டையும் இக்னிஷன் என்றே சொல்லிவிடும். நமக்கோ முன்னது தீப்பற்றல், பின்னது பற்றவைப்பு. தன்வினையும் பிறவினையும் கையிலிருக்க ஏன் கடன் வாங்க வேண்டும்?

பற்றவைப்பு என்றால் வெல்டிங் ஆயிற்றே என்று மறுப்பு வரும். வரட்டும். அங்கே பற்றுவது உலோகம், இங்கே பற்றுவது தீ. பொறிக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருளைப் பற்றவைப்புக் காயில் என்று எழுதினால் யாரும் வெல்டிங் ராடைத் தேடமாட்டார்கள். அப்படியும் ஐயமிருந்தால் இக்னிஷன் என்றே எழுதிவிடலாம். தவறான தமிழைவிட, புரிகிற கடன்சொல் மேல்.

உண்மையில் இந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு சொல்லோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். 1970களில் மின்னணு அமைப்புகள் பரவத் தொடங்கும் முன் வந்த மோட்டார்களில் எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலுக்கு அடியில், தொட்டுத் தொட்டுப் பிரியும் உலோக முனைகளான காண்டாக்ட் பாயிண்ட் இருக்கும். ஃபிளைவீலின் காந்தம் சுற்றும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் பிரியும் கணத்தில் அது அறுபட, பல ஆயிரம் வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. நெடுநாள் சும்மா கிடந்தால் பாயிண்டில் களிம்பேறிப் பொறி வராது. அதைத் தேய்த்துத் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பல பழைய மோட்டார்களில் அது சுமார் அரை மில்லிமீட்டர். இந்த வேலையைத்தான் ‘புள்ளிகளைச் சுத்தம் செய்யவும்’ என்று எழுதுகிறார்கள். எந்தப் புள்ளியை? கோலத்திலா?

பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் இன்னும் பாவம். அது மின்தேக்கி. அதைக் ‘குளிர்விப்பான்’ ஆக்கிவிட்டால், படிக்கிறவர் மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பைப் பிரித்து உட்கார்ந்திருப்பார்.

எல்லாவற்றையும் மிஞ்சியது ‘கம்பியைத் தரையில் இணைக்கவும்’. படகில் ஏதப்பா தரை? எர்த் என்பது இங்கே எஞ்சினின் உலோக உடல்தான். இதைப் புரியவைக்காமல் போனால் பழைய மோட்டாரின் ஸ்டாப் சுவிட்சே புரியாது. வீட்டு விளக்கின் சுவிட்ச் இணைப்பைத் துண்டித்து அணைக்கிறது. இதுவோ இணைப்பு கொடுத்து அணைக்கிறது. காயிலில் பிறக்கும் மின்சாரத்தை எஞ்சின் உடலுக்குத் திருப்பிவிட்டுப் பொறியை நிறுத்துகிறது. எனவே சுவிட்ச் உப்பரித்து உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டாலோ, அதன் கம்பி தோலுரிந்து உலோகத்தில் பட்டாலோ பொறி வராது. காயில் வாங்க ஓடுவதற்கு முன் அந்தக் கம்பியை மட்டும் கழற்றி, நுனி எதிலும் படாமல் வைத்துவிட்டுப் பொறியைச் சோதியுங்கள். பொறி வந்தால் கோளாறு சுவிட்சிலோ கம்பியிலோதான். அந்த நிலையில் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் ஸ்டாப் சுவிட்சை அழுத்திப் பயனில்லை. காற்று வரும் வழியை அடைக்கும் சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும்.