திரையில் இடம் போதாவிட்டால் எது சுருங்க வேண்டும்?

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற பேருந்துகளின் நேரத்தைக் காட்டும் ஐபோன் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் ஊர்ப்பெயர், வலப்பக்கம் நேரம். 'பேட்டை' எந்தத் திரையிலும் அடங்கிவிடும். 'கல்லிடைக்குறிச்சி' ஒரே நீண்ட சொல். எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பவரின் சிறிய போனில் அது நேரத்தோடு முட்டும்.

ஐபோனில் இதைத் தீர்மானிப்பது, 2012இல் ஐஓஎஸ் 6 இயங்குதளத்துடன் வந்த ஆட்டோ லேஅவுட் என்ற திரை அடுக்கும் முறை. திரையில் உள்ள ஓர் உறுப்பின் (எழுத்து, படம், பெட்டி எதுவானாலும்) ஓரத்தை இன்னொன்றின் ஓரத்தோடு பிணைக்கும் சமன்பாடுதான் கன்ஸ்ட்ரெயின்ட்: முதல் ஓரம் = இரண்டாம் ஓரம் × பெருக்கி + மாறிலி. இந்தச் சமன்பாடுகளைத் தீர்த்து இடத்தையும் அளவையும் கண்டுபிடிப்பது, 1990களில் உருவான கசோவரி என்ற கணக்குமுறை.

கணக்கு எளிது, எழுதுவதுதான் பாடு. பழைய முறையில் ஒரு கன்ஸ்ட்ரெயின்டுக்கு ஏழு மதிப்புகள் தர வேண்டும். ஒரு பெட்டியை நான்கு பக்கமும் 16 புள்ளி (திரையை அளக்கும் அலகு) உள்ளே தள்ளி வைக்க 28 மதிப்புகள். வலது ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் −16 என்று எழுத வேண்டும். கழித்தல் குறி விடுபட்டால் பெட்டி 16 புள்ளி வெளியே போய்விடும். ஐபோன் செயலிகளை எழுதும் ஸ்விஃப்ட் மொழிக்கான ஸ்னாப்கிட் லைப்ரரியில் (ஆயத்த நிரல் தொகுப்பு) இது ஒரே வரி: 'எல்லா ஓரமும் தாய் வியூவுக்குச் சமம், 16 உள்ளே'. திரையின் உறுப்புதான் வியூ; அதைத் தாங்கும் வெளிப்பெட்டி தாய் வியூ. குறியை அதுவே பார்த்துக்கொள்ளும். வியூவின் பழைய தானியங்கி அளவு விதியையும் அதுவே அணைத்துவிடும். லைப்ரரி இல்லாமல் எழுதுகிறவர்கள் அடிக்கடி மறப்பது அப்படி அணைக்கும் அந்த ஒரு வரியைத்தான்.

ஆனால் எது சுருங்க வேண்டும் என்பதை லைப்ரரி முடிவு செய்யாது. திரை அகலம் 320 புள்ளி, இரு ஓரமும் 16, நடுவில் 8, நேரத்துக்கு 80 என்றால் ஊர்ப்பெயருக்கு மிஞ்சுவது 200. 393 புள்ளித் திரையில் 273. சுருங்க மறுக்கும் பலம் இரண்டு லேபிளுக்கும் (எழுத்தைக் காட்டும் உறுப்பு) இயல்பாக 750தான். சமபலம் என்றால் எது வெட்டுப்படும் என்று உறுதியில்லை. 'காலை 6…' என்று நேரம் வெட்டுப்பட்டால் அந்த வரியால் யாருக்கும் பயனில்லை. நேரத்தின் பலத்தை 751 ஆக்கினால் போதும், ஊர்ப்பெயர் விட்டுக்கொடுக்கும். விரிய மறுக்கும் பலத்தையும் நேரத்துக்கு ஒரு படி கூட்டுங்கள். இல்லாவிட்டால் 'பேட்டை' வரியில் மிஞ்சும் இடத்தை நேர லேபிள் பிடித்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயரின் எழுத்தை 0.8 மடங்கு வரை சிறிதாக்க அனுமதித்தால் பெரும்பாலும் வெட்டே விழாது.

லேபிளைத் தாய் வியூவில் சேர்த்த பிறகே கன்ஸ்ட்ரெயின்ட் எழுத வேண்டும். வரிசை மாறினால் செயலி அங்கேயே நின்றுவிடும். பட்டியலின் செல்லில் (ஒரு வரிக்கான பெட்டி) கன்ஸ்ட்ரெயின்டை, செல் உருவாகும்போது ஒரே ஒரு தடவை எழுதுங்கள். செல்கள் திரும்பத் திரும்பப் பயன்படுவதால், தரவு நிரப்பும் இடத்தில் எழுதினால் ஒவ்வொரு உருட்டலிலும் புதுச் சமன்பாடுகள் குவிந்து பட்டியல் திணறும். ஸ்னாப்கிட்டில் மாறிலியை மட்டும் மாற்ற 'அப்டேட்', உறவையே மாற்ற 'ரீமேக்'. இல்லாத கன்ஸ்ட்ரெயின்டை அப்டேட் செய்தாலும் செயலி விழும்.

செல்லின் உயரம் தானாக அமைய, மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் உயரம் முரண்படுவதாக எச்சரிக்கை வந்தால், கீழ் ஓரக் கன்ஸ்ட்ரெயின்டின் முன்னுரிமையை 1000இலிருந்து (கட்டாயம்) 999 ஆக்கிப் பாருங்கள். அமைப்பு தற்காலிகமாக வைக்கும் உயரத்துக்கு அது வழிவிடும். மற்ற முரண்களுக்கு, எச்சரிக்கையிலேயே கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் ஸ்னாப்கிட் காட்டுகிறது. அந்த வரியிலிருந்து தேடத் தொடங்கலாம்.

சோதிக்கும்போது 'பேட்டை'யை வைத்துப் பார்க்காதீர்கள். 320 புள்ளித் திரை, மிகப் பெரிய எழுத்தளவு, 'கல்லிடைக்குறிச்சி'.