வங்கியின் முதல் எந்த லாக்கரில் இருக்கிறது?

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்க பேங்குல 16 பர்சென்ட் மூலதனம் இருக்குதுன்னு பேப்பர்ல போட்டிருக்காங்க. அந்தப் பணத்த எங்கீங்க வெச்சிருப்பாங்க? அதையும் எடுத்துக் கடன் குடுத்துட்டா என்னங்க பண்றது?"

நாம் போடும் டெபாசிட் வங்கிக்குக் கடன். வங்கி தரும் கடன் அதற்குச் சொத்து. இதுவரை எல்லோருக்கும் தெரியும். மூலதனம் என்றதும்தான் பீரோவுக்குள் அடுக்கிய நோட்டுக்கட்டு மனக்கண்ணில் வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் படத்தை அழித்தது ஈரோட்டில் சித்தப்பாவின் மஞ்சள் குடோன்.

மார்ச் கடைசியில் அவர் ஐந்தொகை, அதாவது சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற கணக்கு, போடுவார். பேரேட்டின் ஓரமெல்லாம் மஞ்சள் விரல் தடம். சரக்கு 1 கோடி ரூபாய்க்கு இருக்கிறது என்று வையுங்கள். வங்கிக் கடனும் விவசாயிகளுக்குத் தர வேண்டிய பாக்கியும் சேர்ந்து 90 லட்சம். மீதி 10 லட்சம் அவர் முதல், அதாவது மூலதனம். அந்த 10 லட்சம் எங்கே? குடோனுக்குள் நடந்து பாருங்கள். இந்த மூட்டை சித்தப்பாவுடையது, அந்த மூட்டை கடன்காரருடையது என்று பிரித்துக் காட்டவே முடியாது. முதல் எல்லா மூட்டையிலும் கலந்து கிடக்கிறது.

இப்போது மஞ்சள் விலை 8 சதவீதம் சரிகிறது. ஒரு மூட்டைகூட நகரவில்லை. ஆனால் சரக்கின் மதிப்பு 92 லட்சம் ஆகிவிட்டது. கடன் அதே 90 லட்சம். 10 லட்சமாக இருந்த முதல் 2 லட்சமாகிவிட்டது! சரக்குக்கு 8 சதவீத அடி, முதலுக்கு 80 சதவீத அடி. விலை இன்னும் கொஞ்சம் இறங்கினால் நம் பெரியவர்கள் சொல்வதுபோல முதலுக்கே மோசம். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு எனக்கு அலுப்பதில்லை.

வங்கியும் அதே குடோன்தான், மூட்டைக்குப் பதிலாக அது கொடுத்த கடன்கள். ஒரு மில்லுக்குக் கொடுத்த கடன் வராது என்று தெரிந்தால், அந்த நட்டம் முதலைத்தான் முதலில் தின்னும். டெபாசிட்காரருக்குத் தர வேண்டிய தொகை ஒரு ரூபாய்கூடக் குறையாது.

எவ்வளவு முதல் வேண்டும்? ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது 9 சதவீதம், அதற்கு மேல் 2.5 சதவீதக் காப்பு, ஆக 11.5. இது சொத்தின் முழு மதிப்புக்கு இல்லை, ஆபத்தைப் பொறுத்து எடை போட்ட மதிப்புக்கு. அரசுப் பத்திரத்துக்கு எடை பூஜ்யம். 2023 நவம்பரிலிருந்து பர்சனல் லோனுக்கு 125 சதவீதம். 1 லட்சம் பர்சனல் லோன் கொடுத்தால் அதை 1.25 லட்சமாக எடை போட்டு, அதில் 11.5 சதவீதம், அதாவது 14,375 ரூபாய் முதல் வேண்டும். 35 சதவீத எடையுள்ள சிறு வீட்டுக்கடன் என்றால் 4,025 போதும். எடை போடாத நேர் விகிதத்தையும் செய்தித்தாள்கள் சேர்த்துப் போட வேண்டும் என்பது என் கருத்து. பள்ளியில் வட்டிக் கணக்கு சொல்லித் தருகிறோம், ஓர் ஐந்தொகையை வாசிக்கச் சொல்லித் தருவதில்லை. இந்த ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

பணப்புழக்கம், அதாவது வேண்டிய நேரத்தில் கையில் காசு இருப்பது, தனிக் கதை. திருப்பூரில் ஆர்டர் நிறைய, பில் தொகை வர மூன்று மாதம், ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்டாக வேண்டும். வங்கிக்கும் அப்படித்தான்: 30 நாள் நெருக்கடியில் வெளியே போகக்கூடிய பணத்துக்கு ஈடாக, உடனே காசாக்கக்கூடிய சொத்து 100 சதவீதமாவது இருக்க வேண்டும். இதுதான் பணப்புழக்க விகிதம். கைபேசியில் எடுக்கக்கூடிய டெபாசிட் வேகமாக ஓடும் என்பதால், 2026 ஏப்ரல் முதல் அதற்குக் கூடுதலாக 2.5 சதவீதம் வெளியேறும் என்று கணக்கிடச் சொல்லியிருக்கிறது ரிசர்வ் வங்கி.

முதலும் பணப்புழக்கமும் ஒன்றில்லை என்பதைக் கொங்கு நாடு நேரில் பார்த்திருக்கிறது. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 செப்டம்பரில் தன் பணப்புழக்க விகிதம் சுமார் 262 சதவீதம் என்று அறிவித்தது. கையில் காசு இருந்தது. முதலோ சுழியத்துக்குக் கீழே போயிருந்தது. நவம்பர் 17-இல் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது. பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைப்பு. பங்கு மூலதனம் முழுவதும் அழிக்கப்பட்டது, மூலதனத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் போயின. டெபாசிட்காரருக்கு நட்டமில்லை. பங்கு வைத்திருந்தவர்களின் வேதனை பெரிது. ஆனாலும் நட்டம் இறங்க வேண்டிய வரிசை அதுதான். லாபம் வந்த வருஷங்களில் டிவிடெண்ட் வாங்கியது அவர்கள்தானே.

பெருந்துறை அம்மணிக்கு வருகிறேன். அந்த 16 சதவீதத்தை ஏற்கெனவே கடனாகக் கொடுத்துவிட்டார்கள். அப்படிக் கொடுப்பதில் தப்பும் இல்லை. உங்கள் கிளையில் நீங்கள் வாங்கிய நகைக்கடனிலும் அதில் ஒரு பங்கு கலந்திருக்கிறது.