வீட்டில் அவனைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

குழந்தைகள் மனநல ஆலோசகரான என்னிடம் சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா தன் 13 வயது மகனை அழைத்து வந்தார். ஆறு வயதிலிருந்து ஒரே டிவி காமெடித் தொடரில் நடிக்கிற பையன். "ரெண்டு மாசமா வீட்ல வாயே திறக்க மாட்டேங்கறான் மேடம். செட்ல மட்டும் நல்லா பேசறான்" என்றார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பான். நான் சிரிப்பதற்காகக் காத்திருக்கிறான் என்பது எனக்கு உடனே பிடிபடவில்லை. சிரிக்காவிட்டால் அதே பதிலை இன்னும் கொஞ்சம் சத்தமாக, கண்ணை உருட்டிச் சொல்வான். மூன்றாவது முறை வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. குரல் உடைய ஆரம்பித்திருக்கிறது. "பழைய குரல்லயே பேசுடா கண்ணா, ஜனங்களுக்கு அதான் பிடிக்கும்" என்று செட்டில் சொல்லியிருக்கிறார்கள். "வீட்லயும் பேசினா சீக்கிரம் மாறிடும் ஆன்ட்டி" என்றான். தொண்டையைச் சேமித்து வைத்துக்கொண்டிருந்தது குழந்தை.

சினிமா என்றால் சில மாதங்களில் முடிந்துவிடும். வருடக்கணக்கில் ஓடும் காமெடித் தொடரில் பாத்திரம் அப்படியே இருக்க, பையன் மட்டும் வளர்கிறான். வளர்வதே தப்பு என்று அவன் மனதில் பதிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் கேரி கோல்மன் 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடரில் நடிக்க வந்தபோது வயது 10. 1978-இல் தொடங்கிய தொடர் 1986-இல் முடிந்தபோது அவருக்கு 18. பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு இருந்ததால் உயரம் கூடவில்லை. நோயால் நின்றுபோன வளர்ச்சிதான் தொடருக்கு வசதியாக இருந்தது; என்னால் அதை நினைத்துச் சிரிக்க முடியவில்லை. பிறகு தன் சம்பாத்தியத்துக்காகப் பெற்றோர்மீதே வழக்குப் போட்டார். 1993-இல் சுமார் 12.8 லட்சம் டாலர் தரும்படி தீர்ப்பானது. 2010-இல் 42 வயதில் இறந்துபோனார்.

நம் நாட்டில் குழந்தைத் தொழிலாளர் விதிகளை 2017-இல் திருத்தியபோது, 14 வயதுக்குட்பட்ட கலைஞர்களுக்கும் வரம்பு வைத்தார்கள். ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான் வேலை. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட வேண்டும். அந்த ரசீதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? என்னிடம் வரும் பெற்றோரில் பலர் முழிக்கிறார்கள்.

குழந்தைக்கு விருப்பமில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால் மாட்டேன் என்று சொல்லக் குழந்தைக்கு ஓர் இடம் வேண்டுமே! செட்டில் இத்தனை பேர் காத்திருக்கும்போது ஏழு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? அதை வீட்டில்தான் பழக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது யாரும் "அந்த டயலாக்கைச் சொல்லு" என்று கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தாளியாக வந்த மாமா கேட்டாலும் நீங்களே குறுக்கே வந்து தடுங்கள்.

அந்தப் பையனின் அம்மாவிடமும் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவே, வெளியே உட்கார்ந்திருந்த அவன் அவருக்குப் போன் செய்தான். திரையில் வந்தது அவன் பெயர் இல்லை, பாத்திரத்தின் பெயர். அவர் என்னைப் பார்த்தார். போனை எடுக்காமல், அது அடித்து ஓயும்வரை காத்திருந்து, என் எதிரிலேயே பெயரை மாற்றினார்.